கிணற்றடிப் பையனின் கதை: இளையோர் நாவல் எழுதும் வாசகிக்குப் பதில்

கேள்வி: தென்காசி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 26. ஆவி, மந்திரம், காதல் கலந்த கதைகளை என் மாணவிகள் கைப்பேசியில் விரும்பிப் படிப்பதைப் பார்த்து, அவர்களுக்காகவே ஒரு நாவல் எழுதினேன். பிளஸ் ஒன் படிக்கும் செல்வி என்ற 16 வயதுப் பெண்ணுக்கும், ஊர்த் தோட்டக் கிணற்றில் 1994-இல் மூழ்கி இறந்த 17 வயதுப் பையனின் ஆவிக்கும் இடையே அரும்பும் காதல்தான் கதை. செல்வியின் ஆச்சி குறி சொல்பவள். அவளிடமிருந்து செல்வி மந்திரம் கற்றுக்கொள்கிறாள். ஒரு பதிப்பகத்தின் வாசிப்பாளர், 'மந்திரம் ஊரோடு ஒட்டவில்லை' என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அதை எப்படிச் சரிசெய்வது? காதல் காட்சிகளை எந்த அளவுக்கு எழுதலாம்? சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஒரு மாணவிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் கதை அத்தகைய நம்பிக்கையை வளர்த்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. மூன்று அத்தியாயங்களையும் மற்ற அத்தியாயங்களின் விரிவான சுருக்கத்தையும் இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களை இருமுறை படித்தேன்; முதல் முறை கதைக்காகவும், இரண்டாம் முறை இளையோர் நூல்களின் பதிப்பாசிரியர் என்ற முறையில் கையில் பென்சிலோடும். உங்களுக்கு ஊர் தெரியும் என்பது முதல் பக்கத்திலேயே விளங்கிவிடுகிறது. காலைப் பேருந்தில் ஏறும் பெண்கள் கட்டணமில்லாச் சீட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொள்வதையும், பள்ளியில் கொடுத்த சைக்கிளின் முன்கூடையில் ஆச்சிக்கு வாங்கிய வெற்றிலைக் கட்டு வாடாதிருக்க ஈரத்துணி சுற்றி வைப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் எழுத முடியும். ஆனால் பையன் கிணற்றிலிருந்து எழுந்து வரும் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஊர் முழுவதும் காணாமல் போய்விடுகிறது. அவனுடைய உள்ளங்கையில் நீல ஒளி வருகிறது, கண்கள் நிறம் மாறுகின்றன, முழுநிலவில் ஓநாய் ஊளையிடுகிறது, மலைக்குகையில் தோலட்டை போட்ட மந்திரநூல் ஒன்று கிடைக்கிறது. உங்கள் மலையில் செந்நாயும் நரியும் உண்டு. அந்த ஓநாய் வேறு நாட்டுக் கதையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. வாசிப்பாளர் சொன்னது சரிதான். ஆனால் அவர் அதை ஒரே வரியில் சொல்லி விட்டுவிட்டதால், ஓநாயை எடுத்துவிட்டு ஒரு வேப்பமரத்தையும் நான்கு எலுமிச்சம்பழத்தையும் வைத்தால் போதும் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடும். பிழை அதைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது.

உங்கள் கைப்பிரதியில் மந்திரம் ஒரு பக்கமும் காதல் இன்னொரு பக்கமும் நிற்கின்றன. செல்வி காதலிக்கிறாள், அதற்கு இடையூறு வரும்போது மந்திரம் வந்து உதவுகிறது. நம் கிராமங்களில் மந்திரம் அப்படி இயங்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றைப் பற்றி ஊர் பேசுவதற்கு வைத்திருக்கும் மொழிகளில் அதுவும் ஒன்று. வயதுவந்த ஒரு பெண் சாப்பிடாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், 'அவள் யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள்' என்று வீட்டில் சொல்ல முடியாது. 'உருமத்தில் (உச்சிப்பொழுதில்) கிணற்றுப் பக்கம் போனாள், என்னவோ பட்டிருக்கிறது' என்று சொல்ல முடியும். இரண்டாவது வாக்கியம் முதலாவதை மூடி மறைக்கிறது. அதே வேளையில் ஏதோ நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிவித்தும் விடுகிறது. உங்கள் நாவல் நிற்க வேண்டிய இடம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இது நானாகக் கண்டுபிடித்த முறையன்று. நீங்கள் தமிழ் ஆசிரியையா என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை. எப்படியிருந்தாலும் சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்ற துறையை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மலைநாட்டுப் பெண் ஒருத்தி களவிலே காதல் கொண்டு மெலிகிறாள். காரணம் அறியாத தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, ஆடி, இது முருகனால் வந்த நோய் என்கிறான். கிராமம், பதின்வயதுப் பெண், காதல், அமானுஷ்யம் என்று நீங்கள் கையில் எடுத்திருக்கும் நான்கும் ஒரே முற்றத்தில் நிற்கும் காட்சி இது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் இதற்கென்றே வெறிப்பத்து என்று பத்துப் பாடல்கள் இருக்கின்றன. குறுந்தொகையின் 362-ஆம் பாடலில் தோழி வேலனைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்: இவளுடைய நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இந்த நோயைத் தந்த மலைநாட்டவனின் மாலையணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமோ? தாயின் காதுபட, வேலனை மறுப்பதுபோல் தொடங்கி, அதற்குள்ளேயே காதலனின் இருப்பைச் சொல்லிவிடுகிறாள்.

எனக்கு இதைவிட நெருக்கமானது அதே குறுந்தொகையின் 23-ஆம் பாடல். ஐந்தே அடி. குறி சொல்ல வந்த முதியவள் தெய்வங்களை அழைப்பதற்காக மலைகளை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டு வருகிறாள். அவற்றுள் ஒன்று தலைவனின் மலை. 'அவருடைய குன்றத்தைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னும் பாடு' என்கிறாள் தோழி. குறிகாரி தான் அறியாமலே உண்மையைத் தொட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. உங்கள் ஆச்சியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது அவள் பேத்திக்கு மந்திரம் கற்பிக்கும் ஆசிரியையாக மட்டுமே இருக்கிறாள். ஊராருக்கெல்லாம் குறி சொல்லும் ஒருத்தி, ஒரு செவ்வாய்க்கிழமை தன் மகள் வற்புறுத்தியதால் தன் பேத்திக்கே உடுக்கை எடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? அவள் பாடிக்கொண்டே போகிறாள்: குளத்து மடை, ஐயனார் கோயில், சுடலைமாடன் பீடம், தோட்டத்துக் கிணறு. கிணறு என்ற சொல்லில் பேத்தியின் விரல் அசைவதைப் பார்த்துவிடுகிறாள். தொடர்ந்து பாடுவாளா, நிறுத்திவிடுவாளா? உண்மையைச் சொன்னால் பேத்தி சிக்கிக்கொள்வாள். மறைத்தால் வாழ்நாள் முழுவதும் பொய் சொல்லாத தன் வாக்கு கெடும். இந்த ஓர் இரவை நீங்கள் முழுமையாக எழுதினால் குகையும் மந்திரநூலும் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்து, மந்திரத்தின் விதிகள். விதியில்லாத மந்திரம் வாசகரைச் சலிக்க வைத்துவிடும். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கதைகளில் வெள்ளியும் பூண்டும் வேலை செய்வதுபோல் உங்கள் ஊருக்கும் விதிகள் இருக்கின்றன. அவை உங்களுக்கு மிகவும் பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. கறிச்சோறு எடுத்துப் போகும் தூக்குவாளியில் அடுப்புக்கரித் துண்டு ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள். பேய் நடமாடும் நேரம் நள்ளிரவு மட்டுமன்று. உச்சி வெயிலும் அதன் நேரம்தான். இந்தக் கடைசி விதி உங்களுக்கு ஒரு பெரிய கொடை என்பேன். முழுநிலவுக் காட்சிகளைப் படித்துப் படித்து வாசகர் களைத்துப் போயிருக்கிறார்கள். ஆளரவமற்ற பங்குனி மாத நண்பகலில், காற்று நின்று, பம்புசெட்டும் மின்வெட்டில் அடங்கிப்போய், கிணற்றின் நிழல் அதன் சுவருக்குள்ளேயே சுருங்கியிருக்கும் பொழுதில் அவன் படியில் உட்கார்ந்திருக்கட்டும். அவனுக்கு நிழல் இல்லை என்பதை அந்த நேரத்தில் செல்வியாலும் கண்டுபிடிக்க முடியாது. அவளுக்கும் அப்போது நிழல் காலடியில்தான் கிடக்கும்.

விதியை எப்படிக் கையாள்வது என்பதற்குப் பழையனூர் நீலியின் கதை போன்ற பாடம் வேறில்லை. திருவாலங்காட்டை அடுத்த அந்த ஊரில் இன்றும் வழங்கும் கதை அது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி அவனைத் தொடர்கிறாள். அவனிடம் மந்திரிக்கப்பட்ட வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. அவள் அந்த வாளை வேறொரு மந்திரத்தால் வெல்ல முயலவில்லை. கள்ளிக் கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவனால் கைவிடப்பட்ட மனைவியாக ஊர்ச் சபையின் முன் நின்று, 'இவர் கையில் வாள் இருக்கும்வரை எனக்கு அச்சமாக இருக்கிறது' என்கிறாள். சபையோர் இரக்கப்பட்டு வாளை வாங்கிவிடுகிறார்கள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்த எழுபது பேரும் பின்னர் சொன்ன சொல்லைக் காத்துத் தீப்பாய்ந்து மாய்கிறார்கள். பேயின் ஆற்றல் மிகச் சிறியது; ஊரின் நீதியுணர்வையும் நம்பிக்கையையும் அது தன் கருவியாக்கிக்கொண்டதால்தான் கதை இத்தனை நூற்றாண்டுகளாக நிற்கிறது. உங்கள் பையனுக்கும் ஆற்றல் குறைவாகவே இருக்கட்டும். அவனால் கிணற்றுத் தோட்டத்தின் வரப்பைத் தாண்ட முடியாது என்று ஒரே ஒரு தடை வைத்துவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு சந்திப்புக்கும் செல்விதான் வழி தேட வேண்டும். அதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு விதியையும் நினைவூட்ட விரும்புகிறேன். விதித்த ஆயுள் முடியுமுன் இறந்தவர்கள் அந்த ஆயுள் தீரும்வரை அலைவார்கள் என்பது நம் மூத்தவர்களின் நம்பிக்கை. உங்கள் பையனுக்கு எத்தனை ஆண்டு விதித்திருந்தது? ஆச்சிக்கு அது தெரிந்திருந்தால்? காதலுக்கு ஒரு கெடு வந்துவிடுகிறது. அதற்காகத் தனியாக ஒரு வில்லனை நீங்கள் தேட வேண்டியதில்லை. ஏழாம் அத்தியாயத்தில் கேரளத்திலிருந்து வரவழைத்திருக்கும் மந்திரவாதியைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். தீய மந்திரவாதி என்றால் மலையாளத்திலிருந்து வருவான் என்பது நம்மிடையே நெடுங்காலமாகப் புழங்கும் சோம்பலான வழக்கம்; மலைக்கு அந்தப்புறம் உங்கள் மாணவிகளைப் போன்ற பிள்ளைகள்தான் வாழ்கிறார்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். பையன் 1994-இல் இறந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். 'கால் தவறி விழுந்தான்' என்ற மூன்று சொற்களோடு அந்த மரணம் முடிந்துவிடுகிறது. சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி ஆறு வயதிலேயே கிணற்று நீச்சல் பழகும் ஊரில், 17 வயதுப் பையன் கிணற்றில் மூழ்கினான் என்றால் உங்கள் மாணவிகள் முதலில் கேட்கப்போகும் கேள்வி, 'எப்படி டீச்சர்?' என்பதுதான். சேற்றில் கால் சிக்கியதா, மோட்டார் மின்சாரமா, இறங்கக் கூடாது என்று சிலரைத் தடுத்து வைத்திருந்த கிணற்றில் அவன் இறங்கினானா, அங்கே அவனோடு வேறு யாரேனும் இருந்தார்களா? விடை எதுவாக இருந்தாலும் அதை முடிவு செய்துகொண்டுதான் அடுத்த வரியை எழுத வேண்டும். 'முனி இழுத்துவிட்டது' என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதுவும் நான் மேலே சொன்ன மொழிதான்: முனியின் மேல் பழியைப் போட்டுவிட்டால், அன்று கிணற்றடியில் நின்றவர்களின் பெயரை யாரும் சொல்ல வேண்டியதில்லை. செல்வி அவனைக் காதலிக்கத் தொடங்கும்போது, முப்பது ஆண்டுகளாக மூடி வைத்த ஒன்றை ஊர் முன் திறக்கவும் தொடங்குகிறாள். காதலும் மந்திரமும் ஒரே கயிறாகப் பின்னிக்கொள்வது இங்கேதான்.

சாதி கடந்த காதலில் இறந்தவர்களை நம் ஊர்கள் பேயாக மட்டும் வைத்திருக்கவில்லை, தெய்வமாகவும் ஆக்கியிருக்கின்றன என்பதை உங்கள் மாவட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். பிராமண இளைஞனான அவன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியக் குடும்பத்துச் சகோதரிகளின் பாட்டைக் கேட்டு மயங்கி, அவர்களை மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான் என்பது வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதை. அவன் மாடு திருடியவர்களோடு நடந்த சண்டையில் மாண்டான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே போகும் குடும்பங்களில் உங்கள் மாணவிகளின் குடும்பங்களும் இருக்கும். ஒரு காதலின் அடையாளமாகத் தோல்செருப்பு சந்நிதியில் தொங்கும் மண்ணில் நின்றுகொண்டு, உள்ளங்கை நீல ஒளியைக் கடன் வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இனி காதல் காட்சிகள். செல்விக்கு வயது 16. போக்சோ சட்டம் 2012-இன்படி 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தைதான். இளையோர் நூல்களைப் பதிப்பிக்கும் எங்களுக்கு அந்தக் கோடு சட்டத்துக்கு அஞ்சி வைத்துக்கொண்டது மட்டுமன்று, மனமறிந்து ஏற்றுக்கொண்டதும் ஆகும். உடல் சார்ந்த காட்சி எதுவும் இந்த நாவலில் வேண்டாம். ஏழாம் அத்தியாயத்தின் முத்தக் காட்சியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதனால் காதலின் வெம்மை குறைந்துவிடும் என்று கவலைப்படாதீர்கள். வளையல் கழன்று விழுவதையும் நிறம் மங்குவதையும் சொல்லியே ஒரு பெண்ணின் மனத்தை முழுவதுமாகக் காட்டிய மரபு நம்முடையது. அவனால் தொட முடியாது என்பது உங்கள் கதையின் பலம். அவள் வைத்துவிட்டுப் போன கொய்யாப்பழம் மறுநாள் அப்படியே இருப்பதும், ஆனால் அதன் மணம் மட்டும் போயிருப்பதும் போதும். 1994-இல் நின்றுபோனவன், வெள்ளிக்கிழமை இரவு 'ஒலியும் ஒளியும்' பார்க்கப் பஞ்சாயத்துத் தொலைக்காட்சியின் முன் கூடிய கூட்டத்தைப் பற்றி ஏங்கிப் பேசுவதும், அவள் கைப்பேசியைக் காட்டும்போது அதில் பாட்டு வருவதைவிட அதற்குக் கம்பி இல்லை என்பதைக் கண்டு திகைப்பதும் எத்தனையோ முத்தங்களுக்கு ஈடாகும்.

வயதைப் பற்றியே இன்னொன்று. அவன் உயிரோடு இருந்திருந்தால் ஐம்பதை நெருங்கியிருப்பான். முப்பது ஆண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன் என்றால் அவன் மனம் நடுத்தர வயதுடையது. அப்படிப்பட்ட ஒருவன் 16 வயதுப் பெண்ணிடம் காதல் பேசுவதை நான் ஏற்க மாட்டேன், உங்கள் வாசகியரின் பெற்றோரும் ஏற்கக் கூடாது. நூறு வயதானவன் இளைஞனின் முகத்தோடு பள்ளி மாணவியைச் சுற்றிவருவது இந்த வகைக் கதைகளில் உலகெங்கும் காணப்படும் பழக்கம். நீங்கள் அதைத் தொடர வேண்டியதில்லை. அவனுக்குக் காலம் ஓடவில்லை, ஒவ்வொரு நண்பகலும் அவனுக்கு அந்த ஒரே நண்பகல்தான் என்று தெளிவாக வைத்துவிடுங்கள். அவன் 17-லேயே நிற்கிறான். அவளோ 17-ஐ நோக்கி வந்துகொண்டிருக்கிறாள். அடுத்த ஆண்டு அவனை எட்டிவிடுவாள், அதற்கடுத்த ஆண்டு கடந்துபோய்விடுவாள். அதைக் கண்டுபிடிப்பது அவனாக இருந்தால் மிகவும் நன்று.

வசிய மை பற்றிய அத்தியாயம் எனக்குக் கவலை தந்தது. செல்வி ஆச்சியின் பெட்டியிலிருந்து வசிய மையை எடுத்து அவனுக்குப் பயன்படுத்துகிறாள்; அவன் அவளிடம் கட்டுண்டு நிற்பதை இனிமையான காட்சியாக எழுதியிருக்கிறீர்கள். வசியம் என்பதன் பொருள், மற்றவருடைய விருப்பத்தைக் கேட்காமல் அவருடைய மனத்தை எடுத்துக்கொள்வது. ஒரு பையன் செல்விக்கு இதைச் செய்திருந்தால் நீங்கள் அதை இனிமையாக எழுதியிருக்க மாட்டீர்கள். காட்சியை வெட்டச் சொல்லவில்லை. அதன் விளைவை எழுதச் சொல்கிறேன். மை பட்டபின் அவன் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான், சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறான், தன் அம்மாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறான். அவள் விரும்பியவன் அங்கே இல்லை என்பது அவளுக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட வேண்டும். வாழ்க்கையிலும் இடுமருந்து என்ற பெயரில் ஊமத்தை போன்ற நஞ்சுகளைச் சோற்றில் கலந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஊமத்தை மனக்குழப்பத்தையும் உயிரிழப்பையும் உண்டாக்கவல்லது. ஆகவே மை, மருந்து எதற்கும் செய்முறை என்று ஒரு வரிகூடக் கைப்பிரதியில் இருக்கக் கூடாது. கதைக்காக நீங்கள் கற்பித்த செய்முறையாக இருந்தாலும், அதை முயன்று பார்க்கும் 13 வயதுப் பிள்ளை எங்கோ ஓர் ஊரில் இருக்கும்.

உங்கள் மூன்றாவது கேள்வியைத்தான் நீங்கள் மிகுந்த மனச்சுமையோடு கேட்டிருக்கிறீர்கள். கதையில் பேய் வந்தால் நம்பிக்கை வளரும் என்று நான் கருதவில்லை. பேய்க்கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதை எது, வீடு எது என்பது நன்றாகத் தெரியும். ஆனால் பேய் பிடித்தது என்ற முடிவு ஒரு பெண்ணின் மேல் சுமத்தப்படும்போது என்ன நேரும் என்பதில் இந்த வகைக் கதைகள் பொறுப்பில்லாமல் நடந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேப்பிலை அடியும் சாட்டையும் முடியைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அறைவதும் பரபரப்புக்காக எழுதப்படுகின்றன. 2001 ஆகஸ்டு 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டதை நீங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. உங்கள் நாவலில் செல்வியின் தாய் அவளைப் பேயோட்டக் கூட்டிப்போகும் காட்சி வரத்தான் செய்யும். அதை நீக்கினால் கதை பொய்யாகிவிடும். அந்தக் காட்சியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் கண்ணால் எழுதாமல், தரையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கும் செல்வியின் கண்ணால் எழுதுங்கள். அவளுக்கு உடுக்கைச் சத்தம் கேட்கும், முழங்கால் வலிக்கும், பக்கத்து வீட்டு அத்தை வேடிக்கை பார்ப்பது தெரியும், நாளை பள்ளியில் தேர்வு இருப்பது நினைவுக்கு வரும்.

கதைக்கு வெளியே, சென்ற ஆண்டு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட அந்த மாணவியைப் பற்றி ஓர் ஆசிரியையாக உங்களால் இன்னும் ஏதேனும் செய்ய முடியும் என்று நம்புகிறேன். அவளுடைய வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அவளிடம் தனியாகப் பேச வாய்த்தால், பேயைப் பற்றிக் கேட்காமல், உறக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா, யாரைக் கண்டேனும் அஞ்சுகிறாளா என்று கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணும், யாரேனும் அவளைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கும். நாவலின் கடைசிப் பக்கத்திலும் இந்த இரண்டு எண்களையும் அச்சிடும்படி உங்கள் பதிப்பாளரிடம் கேளுங்கள். நான் பதிப்பித்தால் கேட்காமலே அச்சிடுவேன்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரையாடலை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே வையுங்கள். 'உருமம்', 'கொடை', 'வாதை' போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டாம், இடம் பார்த்துப் பொருள் விளங்கும். ஆங்கிலக் கதைகளின் 'வாம்பயர்' என்பதற்கு நாம் 'இரத்தக் காட்டேரி' என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் காட்டேரி என்பவள் பல ஊர்களில் படையல் வாங்கும் தெய்வம். உங்கள் ஐந்தாம் பக்கத்தில் அந்தச் சொல் வசையாக வருகிறது. ஆச்சி போன்ற ஒருத்தி அப்படிப் பேச மாட்டாள்.

முழுக் கைப்பிரதியையும் உடனே திருத்தத் தொடங்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் மீண்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு குறையை நீங்கள் சரிசெய்ய வேண்டும். பையன் இறந்து முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அவனுடைய அம்மா எழுபதைத் தாண்டி அதே ஊரில், அதே தெருவில் இருப்பாள். ஆண்டுதோறும் அவன் இறந்த நாளில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவனுடைய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துப் படைப்பாள். செல்வி பள்ளிக்குப் போகும்போது தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறாள். அந்தக் கிழவிக்குத் தெரியாத ஒன்று, அவளுடைய மகன் நேற்று நண்பகலில் என்ன சொன்னான் என்பது, செல்விக்குத் தெரியும். அதைப் போய்ச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவள் எடுக்க வேண்டிய கடினமான முடிவு. சொன்னால் காதல் வெளிப்படும், பேய் பிடித்தவள் என்ற பெயரும் வரும். நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களிலும் அந்தத் தாய் ஒரே ஒரு வரியில், 'கிணற்றில் விழுந்தவனின் அம்மா' என்று வருகிறாள். அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.